மரு மணக்கும் கரியடுப்பு

சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றபோது என் கையில் ஒரு பூச்செண்டும், ஆத்தூரிலிருந்து அம்மா அனுப்பிய ஜவ்வரிசி வத்தல் பொட்டலமும் இருந்தன. உள்ளே போய் அரை மணி ஆகியிருக்காது. பூ ஜாடிக்குப் போய்விட்டது, என் கையில் கத்தியும் முன்னால் ஒரு கூடை வெங்காயமும் வந்துவிட்டன.

ஃபிராங்ஃபுர்ட்டில் என்னோடு வேலை செய்யும் தோழியின் பிறந்த வீடு அது. ஜெர்மனியின் நடுவில், துரிங்கியா மாநிலத்தில், ஆர்ன்ஷ்டாட் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். விரைவு ரயிலில் எர்ஃபுர்ட் வரை இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து சின்ன ரயிலில் அரை மணிக்கும் குறைவு. செப்டம்பர் மாதம். வேலியோரம் பிளம்ஸ் மரங்கள் காய்த்துத் தொங்கின. வந்ததும் அந்தப் பழத்தை வரிசையாக அடுக்கிப் பெரிய தட்டில் சுட்ட கேக்கும் காபியும் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் வெங்காயம்.

எங்கள் வீட்டில் விருந்தாளி அடுப்படிப் பக்கம் வந்தால், "நீ போய் உக்காரு கண்ணு, நாங்க பாத்துக்கறோம்" என்று அப்பத்தா கையைப் பிடித்துத் திண்ணையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும். வந்தவரை வேலை வாங்குவது எங்களுக்குப் பாவம் மாதிரி. அதனால் தோழியின் அம்மா கத்தியை நீட்டியபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் என் எண்ணம் மாறிப்போனது.

சாயங்காலம் தோட்டத்தில் தோழியின் அப்பா அடுப்பு மூட்டினார். கரியில் சுடுவதற்கான கம்பி வலையை அங்கே 'ரோஸ்ட்' என்கிறார்கள். அதில் சுடும் சாசேஜ்தான் அந்த ஊரின் பெருமையான துரிங்கியா ரோஸ்ட்பிராட்வூர்ஸ்ட். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. 15 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெயரில் விற்க முடியாது. கசாப்புக் கடையில் அன்று காலையில் அடைத்த பச்சைச் சாசேஜ் அது. அன்றைக்கே சுட்டுவிட வேண்டும் என்பது பழைய கணக்கு.

அவர் எனக்கு ஒன்றைப் பிட்டு உள்ளே இருந்த அரைத்த பன்றிக்கறியை முகர்ந்து பார்க்கச் சொன்னார். பூண்டு, மிளகு, சீரகம் போலவே இருக்கும் கேரவே. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை. எங்கேயோ ரொம்பப் பக்கத்தில் தெரிந்த வாசனை, ஆனால் சாப்பாட்டில் தெரிந்ததில்லை. உள்ளே போய் மசாலா டப்பாவைத் திறந்து காய்ந்த இலையைக் கசக்கிப் பார்த்ததும் பிடிபட்டது. மரு! கதம்பத்தில் கனகாம்பரத்துக்கும் மல்லிகைக்கும் நடுவே பச்சையாக வைத்துக் கட்டுவோமே, அந்த மரு. ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்களின் கூடையில் கிடப்பது. ஜெர்மன்காரர்கள் அதை மயோரான் என்கிறார்கள். நம் ஊரில் தலையில் சூடுகிறோம். அங்கே கறியில் போடுகிறார்கள். அன்று ராத்திரி முழுக்க அந்தத் தோட்டத்தில் எனக்குக் கோயில் வாசல் மணத்துக்கொண்டே இருந்தது.

மருவா, கேரவேயா, எது தூக்கலாக இருக்க வேண்டும் என்பதில் அங்கே ஊருக்கு ஊர் வழக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் நான்கு பேர் கேரவே கட்சி.

சுடுகிற வித்தையைச் சொல்லியாக வேண்டும். கரி நெருப்பாக எரியும்போது சாசேஜை வைக்கக் கூடாது. தணல் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் வைக்க வேண்டும். முதலில் ஒரு துண்டு பன்றிக் கொழுப்பால் கம்பியை நன்றாகத் தேய்க்கிறார். நம் தோசைக்கல்லில் வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கிற அதே கை. சொட்டுகிற கொழுப்பால் தீ குப்பென்று எழும்பும்போது பாட்டிலிலிருந்து பீரைத் தெளித்து அடக்குகிறார். வெந்துவிட்டதா என்று பார்க்க நான் முட்கரண்டியைக் கொண்டுபோனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குத்தினால் சாறெல்லாம் நெருப்புக்குப் போய்விடும். தோல் வெடிக்காமல் இடுக்கியால் புரட்டிப் புரட்டிப் பொன்னிறமாக்க வேண்டும். பிறகு அந்த இடுக்கியையே என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். இருபது சாசேஜ் என் பொறுப்பு.

வட்டமான சின்ன ரொட்டியைக் கீறி, நடுவே சாசேஜை வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே கடுகுச் சாந்து மட்டும். எர்ஃபுர்ட்டில் 1820-லிருந்து கடுகு அரைக்கும் போர்ன் நிறுவனத்துடையதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். தக்காளி கெச்சப் மேசையிலேயே இல்லை. முதல் கடியில் தோல் 'டப்' என்று உடைந்து, புகையும் மருவும் கடுகுக் காரமும் சேர்ந்து மூக்குக்கு ஏறியது. இத்தனை வருடம் ரயில் நிலையங்களில் நின்றபடி தின்ற சாசேஜ் எல்லாம் வேறு ஏதோ பண்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, இதைப் பற்றிய மிகப் பழைய எழுத்து எங்கள் ஆர்ன்ஷ்டாட்டில்தான் இருக்கிறது என்று சொன்னார். 1404-ஆம் ஆண்டு, அந்த ஊர்க் கன்னிமடத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரி: பிராட்வூர்ஸ்ட்டுக்குக் குடல் வாங்கியதற்கு 1 குரோஷென். கலப்படத்தைத் தடுக்க 1432-லேயே வைமார் பக்கத்துக் கசாப்புக்காரர்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. சுத்தமான புதுக் கறி தவிர வேறு சேர்த்தால் 24 ஃபென்னிக் தண்டம். ஆர்ன்ஷ்டாட் தேவாலயத்தில் 1703 முதல் 1707 வரை ஆர்கன் வாசித்தவர் இசைமேதை செபாஸ்டியான் பாஹ். அவரைப் பற்றிப் பெரியவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். குடலுக்குக் கொடுத்த அந்த ஒரு காசைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். எனக்கும் அந்தக் காசுதான் பிடித்திருந்தது. அந்த மடத்தில் யாரோ ஒருவர் மளிகைக் கணக்கை ஒழுங்காக எழுதிவைத்ததால் அறுநூறு வருடத்துச் சாப்பாடு இன்று கண்ணுக்குத் தெரிகிறது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே சமையலறையில் சத்தம். மதியத்துக்கு க்ளோஸே, அதாவது உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. பத்துப் பேருக்கு வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கிழங்கைப் பச்சையாகத் துருவ வேண்டும், ஒரு பங்கை வேகவைத்துக் கூழாக்க வேண்டும். துருவினதைத் துணிப்பையில் கட்டி, மரத்தில் செய்த திருகு அச்சில் வைத்துப் பிழிய வேண்டும். தனி ஆளால் ஆகாது. ஒருவர் திருக, ஒருவர் பையைப் பிடிக்க, ஒருவர் துருவிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுப் பட்டால் கிழங்கு கறுத்துவிடும் என்பதால் எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். திருகுக் கட்டையை என்னிடம் கொடுத்தார்கள்.

பிழிந்த தண்ணீரை நான் கொட்டப் போனேன். தோழியின் அம்மா தடுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வை என்றார். பத்து நிமிடம் கழித்து மேல்தண்ணீரை மெல்ல இறுத்தபோது, பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெளேரென்று மாவு படிந்திருந்தது. விரலால் அழுத்தினால் கெட்டி, விட்டால் வழிகிறது.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஜவ்வரிசி மில். குச்சிக்கிழங்கை அரைத்துப் பிழிந்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் உறைந்த மாவை வெட்டியெடுப்பதைப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் புளிச்ச வாடைதான் எங்கள் ஊர் வாடை. அதே மாவு, அதே படிவு, இங்கே ஒரு கிண்ணத்தின் அடியில். மரவள்ளியும் உருளையும் இரண்டுமே தென் அமெரிக்காவில் பிறந்து கப்பலேறி வந்தவை. ஒன்று எங்கள் சேலத்து மண்ணில் இறங்கியது, இன்னொன்று இந்தக் காட்டோரக் கிராமத்தில். எங்கள் ஜவ்வரிசிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று சொன்னபோது தோழியின் அப்பா எழுந்து வந்து கை குலுக்கினார்.

படிந்த மாவைத் துருவலோடு சேர்த்து, கொதிக்கக் கொதிக்கக் கூழை மேலே ஊற்றிக் கிளறினார்கள். அந்தச் சூட்டில்தான் பச்சைக் கிழங்கு பிடித்துக்கொள்கிறது. உருட்டும்போது ஒவ்வொன்றின் நடுவிலும் வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டுகள்; பூரணம் வைக்கிற மாதிரியேதான். என் உருண்டைகள் வெடிக்காமல் வந்ததற்குக் கொழுக்கட்டை பிடித்த கைதான் காரணம். கொதிக்காமல் சும்மா மினுமினுக்கிற உப்புத் தண்ணீரில் இருபது நிமிடம். அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன.

நான் திருகிக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். அதுவரை நான் தோழியின் அம்மாவை "நீங்கள்" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன், அவரும் என்னை அப்படியே. ஜெர்மனில் நமக்குள்ளது போலவே 'நீ', 'நீங்கள்' உண்டு. பெரியவர் வாய் திறந்து சொன்னால்தான் சின்னவர் 'நீ'க்கு இறங்கலாம். நாலாவது பையைப் பிழிந்து முடித்து நெற்றியைத் துடைத்தபோது அவர் தன் பெயரைச் சொல்லி, ஈரக் கையை நீட்டி, "இனிமேல் என்னை நீ என்றே கூப்பிடு" என்றார். அம்மா வயதுள்ளவரை நீ என்று அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. தமிழில் 'அம்மா, நீ' என்று தினமும் சொல்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது.

மாட்டுக்கறியில் கடுகு தடவி, வெள்ளரி ஊறுகாயும் கொழுப்பும் வைத்துச் சுருட்டிய ரூலாடே, ஆப்பிளும் கிராம்பும் போட்ட சிவப்பு முட்டைக்கோஸ், இரண்டுக்கும் நடுவே என் கை பட்ட க்ளோஸே. குழம்பை ஏந்தத்தான் அந்த உருண்டை. கத்தியால் வெட்டக் கூடாது, முட்கரண்டியால் பிட்டால் பிட்ட முகம் குழம்பைக் குடிக்கும். சாப்பிட்டு முடித்ததும் நான் எண்ணெய் காயவைத்து வத்தலைப் பொரித்தேன். சட்டியில் அது பூவாக விரிந்ததும் குழந்தைகள் மட்டுமல்ல, நேற்றைய கேரவே கட்சிக்காரர்களும் சுற்றி நின்றார்கள். அது எந்த மாவு என்று நான் சொல்வதற்கு முன்பே அம்மா காலைக் கிண்ணத்தைக் காட்டினார்.

மிஞ்சிய நாலு க்ளோஸேயைப் பொட்டலம் கட்டி ரயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பிரித்தபோது உள்ளே ஒரு சீட்டு இருந்தது. வட்டமாக நறுக்கு, வெண்ணெயில் இரண்டு பக்கமும் வறு, உப்புத் தூவு என்று மூன்று வரி. மூன்றையும் 'நீ' வைத்தே எழுதியிருந்தார்.