சிலேட்டுச் சின்னம்

12 மார்ச் 2021, வெள்ளி
இன்று சட்டமன்றத் தேர்தலுக்கு மனுத்தாக்கல் தொடங்கிவிட்டது. காரைக்குடித் தொகுதியில் நான் சுயேச்சை. கட்சிக்காரர்களுக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். எனக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் இதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒன்பது பேர் என்னிடம் படித்தவர்கள். பத்தாவது, பள்ளி வாசலில் நெல்லிக்காய் விற்கும் அம்மா.

அரசுப் பள்ளி வேலையில் இருந்துகொண்டு போட்டியிட முடியாது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். நவம்பரில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்து, மூன்று மாத நோட்டீஸ் முடிந்து பிப்ரவரியில் வெளியே வந்தேன். "பென்ஷன் வந்திடும்ல?" என்று மட்டும் என் வீட்டுக்காரர் கேட்டார். வரும் என்றேன். தேர்தல் செலவுக்குத் தனிக் கணக்கு தொடங்க பாங்குக்கு அவரே கூட வந்தார்.

14 மார்ச், ஞாயிறு
ஏன் நிற்கிறேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொரோனாவால் பள்ளி பூட்டிக் கிடந்த மாதங்களில் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொன்னேன். போன வீடுகளில் பாதியில் பையன் இல்லை, வேலைக்குப் போயிருந்தான். அப்போது வந்த எண்ணம் இது.

இன்று தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் என் பத்தாம் வகுப்புப் பையனைப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டத்துக்குக் கட்டம் கலர் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றினான். மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சை. அச்சைத் தூக்கியபோது ஒரு கோடுகூடக் கலையவில்லை. வடிவியலில் ஒரு வட்டம் ஒழுங்காகப் போடாதவன்! மேலே காய்ந்த சிமென்ட்டைத் தூவிக்கொண்டே கேட்டான்: "எல்லாரும் பாஸ்னு சொல்லிட்டாங்கள்ல டீச்சர், அப்ப நான் வர வேணாம்ல?"

பிப்ரவரி 25 அறிவிப்பைச் சொல்கிறான். ஒன்பது, பத்து, பதினொன்றுக்குப் பரீட்சை இல்லை, எல்லோரும் தேர்ச்சி. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவாகவே இருக்கட்டும். ஆனால் திரும்பி வராதவனைத் தேடிப் போவது யார் வேலை? அதைச் சட்டசபையில் யாராவது கேட்க வேண்டும். நான் கேட்பேன்.

18 மார்ச், வியாழன்
டெபாசிட் பத்தாயிரம் கட்டி மனு கொடுத்தாயிற்று. ஒரு முன்மொழிபவரின் வாக்காளர் பட்டியல் பாகம் எண் தப்பாக இருந்தது, அங்கேயே திருத்தினோம்.

22 மார்ச், திங்கள்
மூன்று மணிக்கு வாபஸ் நேரம் முடிந்து சின்னம் ஒதுக்கினார்கள். கரும்பலகை கேட்டிருந்தேன். இன்னொருவரும் கேட்டிருந்ததால் குலுக்கல், அவருக்குப் போய்விட்டது. அடுத்த விருப்பம் சிலேட்டு, அது கிடைத்தது. சாயங்காலமே கடைவீதியில் நாற்பது சிலேட்டு வாங்கினோம்.

28 மார்ச், ஞாயிறு
தேவகோட்டை. இரண்டு தெருவை வளைத்துக் கட்டிய வீடு, முகப்புக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்முற்றத்து வளவில் ஆச்சி ஒருவர் தனியாக வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வயது 83. "எட்டுப் புள்ளி வீடு இது. எல்லாம் மெட்ராசும் சிங்கப்பூருமா இருக்காக. இங்க ஓட்டு என்னோடது ஒண்ணுதான்." புள்ளி என்றால் கல்யாணமான ஒரு ஜோடியின் குடும்பம். எண்பது தாண்டியவர்களுக்கு இந்த முறை தபால் ஓட்டு உண்டு, படிவம் கொடுத்திருக்கிறாராம். சிலேட்டை வாங்கி மடியில் வைத்து, குச்சியால் பிள்ளையார் சுழி போட்டார். அப்புறம் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை.

6 ஏப்ரல், செவ்வாய்
எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். விடிவதற்குள் ஐம்பது மாதிரி ஓட்டு போட்டு, அழித்து, சீல் வைத்து, இரவு பதிவான ஓட்டுக் கணக்கை 17சி படிவத்தில் எழுதிக் கொடுத்து வருவேன். இன்று அதே மாதிரி ஒரு வகுப்பறையில் வரிசையில் நின்றேன். முகக்கவசம், கைக்கு உறை. மையிட்டது என் பழைய சக ஆசிரியை. விதிப்படி ஒரு வார்த்தை பேசவில்லை, விரலை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

2 மே, ஞாயிறு
தோற்றுவிட்டேன். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால்தான் டெபாசிட் திரும்பும். அதன் பக்கத்தில்கூட இல்லை. மனசு கனக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். ₹30.8 லட்சம் வரை செலவழிக்கலாம் என்பது வரம்பு. என் நோட்டில் வேன் வாடகையும் துண்டறிக்கையும் சிலேட்டும்தான் பெரிய செலவு.

சாயங்காலம் பட்டறைப் பையன் போன் பண்ணினான். பதினொன்றில் என்ன குரூப் எடுக்கலாம் என்று கேட்டான். அவன் அப்பாவிடம் பேச நாளைக் காலை போகிறேன். மறுபடியும் ஊரடங்கு என்று பேச்சு அடிபடுகிறது, அதற்குள் போயாக வேண்டும்.