அடினோசின் ஏற்பியின் கூட்டாளிகள்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3

செல் சவ்வில் இருந்துகொண்டு சமிக்ஞைகளைப் பெறும் புரதமான மனித அடினோசின் ஏ2ஏ ஏற்பியோடு எந்தெந்தப் புரதங்கள் இணைகின்றன என்று தேடும் வேலையை இன்று தொடங்கினோம். ஃபீல்ட்ஸும் சாங்கும் 1989இல் அறிமுகப்படுத்திய ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையில் (இரு புரதங்கள் இணைகின்றனவா என்று ஈஸ்ட் செல்லில் சோதிக்கும் முறை) இணைப்பு உட்கருவுக்குள் நடந்தாக வேண்டும். சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பியை அங்கே கொண்டுசெல்ல வழியில்லை. எனவே யுபிக்விடின் என்னும் சிறு புரதத்தை இரண்டாகப் பிளக்கும் முறையைக் கையாள்கிறோம். அதன் ஒரு பாதியை, மரபணுவை இயக்கும் ஒரு படியெடுப்புக் காரணியோடு சேர்த்து, ஏற்பியின் வால்முனையில் பொருத்துகிறோம். மறுபாதி, சோதிக்கப்படும் புரதத்தில் இருக்கும். புரதங்கள் நெருங்கினால் பாதிகள் கூடுகின்றன, ஈஸ்ட்டின் நொதிகள் காரணியை வெட்டி விடுவிக்கின்றன, அது உட்கருவை அடைந்து ஹிஸ்டிடின் இல்லாத ஊடகத்திலும் செல்லை வளரச் செய்கிறது.

ஜூன் 9

கட்டுப்பாட்டுச் சோதனைகள் முடிந்தன. பாதிகள் தாமாகவே கூடிவிடாதிருக்க, சோதிக்கப்படும் புரதத்தோடு சேரும் பாதியில் 13ஆம் இடத்து அமினோ அமிலமான ஐசோலூசினைக் கிளைசினாக மாற்றியிருக்கிறோம். மாற்றப்படாத பாதியோடு செல்கள் வளர்ந்ததால், ஏற்பியின் வால் செல்லின் உட்புறம் நோக்கியே இருப்பது உறுதியானது. தொடர்பற்ற புரதத்தோடு அவை வளரவில்லை. இவ்விரண்டும் சரியாக அமையாத ஏற்பியைக் கொண்டு தேடலைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜூன் 24

இணைப்பு நடந்ததற்கு அடையாளமாக நீல நிறமான காலனிகளின் வரிசை விவரம் வந்தது. ரைபோசோம் புரதங்கள் எந்த ஏற்பியோடும் தென்படுபவை என்பதால் அவற்றை நீக்கினேன். மடிப்புத் துணைப் புரதங்களை நீக்க மனம் ஒப்பவில்லை. ஏற்பி சரியாக மடிவதற்கு அவை உண்மையிலேயே தேவைப்படலாம்.

ஜூலை 2

டொராண்டோவில் ஸ்டாக்லியார் குழு 2017இல் வெளியிட்ட வரைபடத்தை மீண்டும் படித்தேன். ஏ2ஏ அடங்கிய ஜி-புரத ஏற்பிக் குடும்பத்தின் 48 ஏற்பிகளுக்கு, 686 புரதங்களை உள்ளடக்கிய 987 இணைப்புகள். அவற்றுள் என்னை ஈர்ப்பது ஏ2ஏ ஏற்பிக்கும் அதே குடும்பத்து ஜிபிஆர்37க்கும் உள்ள இணைப்பு. ஏ2ஏ ஏற்பியைத் தடுக்கும் இஸ்ட்ராடெஃபிலின் பார்க்கின்சன் நோய்க்கான மருந்து. ஜிபிஆர்37ஓ, பார்க்கின் என்னும் நொதி அழிவுக்குக் குறிக்கும் புரதம். நோயின் இரு முனைகள் ஒரே சவ்வில் சந்திக்கின்றனவா என்ற கேள்விக்காகவே இந்த உழைப்பு தகும்.

ஆனால் அந்த வரைபடத்தில் உள்ளவை, மூலக்கூறு எதுவும் பிணையாத நிலையில் சோதிக்கப்பட்ட ஏற்பிகள். மேலும், ஈஸ்ட்டின் சவ்வில் இருப்பது, மனித செல்லின் கொலஸ்டிராலுக்கு இணையான எர்கோஸ்டெரால். 2012இல் வெளியான ஏ2ஏ படிக அமைப்பிலோ கொலஸ்டிரால் மூலக்கூறுகள் ஏற்பியோடு ஒட்டியிருந்தன. ஆகவே எங்கள் பட்டியலை மனித செல்களில், அடினோசின் சேர்த்தும் சேர்க்காமலும், மறுபடி சோதிக்கவிருக்கிறோம். ஜிபிஆர்37தான் முதலில்.