எட்டில் ஒரு பங்கு

காணி உறுதியைப் படித்துக் காட்டச் சொல்லி இன்று காலை பெரியப்பா கூப்பிட்டார். அவருக்குக் கண் முன்போல் இல்லை.

மூன்று பரப்பு நிலம். நான்கு எல்லை. அப்புறம் ஒரு வரி: கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், நீர் எடுக்கும் முறையும், வழி வாய்க்காலும்.

கிணற்றை எப்படி எட்டாகப் பிரிப்பது என்று கேட்டுவிட்டேன்.

“கிணத்தை ஆர் பிரிச்சது? நாளைத்தான் பிரிச்சது.”

எட்டுப் பேர், ஆளுக்கொரு நாள். ஒருவர் துலாவில், அதாவது ஏற்ற மரத்தில், ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். தனியாளால் இறைக்கவே முடியாது. செத்தவீட்டுக்கும் போகாத அளவுக்குக் கோபம் இருந்தாலும் துலா மிதிக்க மட்டும் வந்துவிடுவார்களாம். (அது என்ன கோபமோ!)

யாழ்ப்பாணம் ஆறில்லாத குடாநாடு. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதை அள்ளித்தான் புகையிலை, வெங்காயம், மிளகாய் எல்லாம். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போய், தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. வாட்டர் பம்ப் வந்தபின் துலாவுக்கு ஆள் தேவைப்படவில்லை.

1995 ஒக்ரோபரில் போருக்கு அஞ்சி வலிகாமமே எழும்பிப் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தபோது, பெரியப்பா மறக்காமல் எடுத்துப்போனது இந்த உறுதியைத்தான்.

எட்டுப் பங்கில் ஐந்து இப்போது கனடாவிலும் லண்டனிலும்.

“அப்ப அவையின்ர நாளிலயும் நீங்கள்தானே இறைக்கிறியள்?”

உறுதியை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார்.

“சீ… அது அவையின்ர முறையெல்லே.”