ஆடிக் காத்தும் அட்டைச் சுவரும்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் ஒரு கோயில் கொடை விழா மேடை. கச்சேரிக்காக நிறுத்தின தெர்மாகோல் கோட்டை இன்னைக்கு சாயங்காலம் குப்புறக் கிடந்தது.

கட்டியிருந்தது ரெண்டே ரெண்டு மூங்கில், கயிறு.

20 அடிக்கு 10 அடி தட்டி. ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து மணிக்கு 40 கிலோமீட்டர்ல நேரா அடிச்சா, அது மேல விழுற தள்ளு 150 கிலோவுக்கும் மேல. வேகம் ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்கு.

அம்மியே பறக்குற மாசம்லா!

பிங்க் ஃபிளாய்டுங்கிற இங்கிலாந்து ராக் இசைக்குழு 1980-81ல 'தி வால்' நிகழ்ச்சிக்கு மேடையை மறைச்சு அட்டைப்பெட்டிச் செங்கல்லாலேயே சுவர் எழுப்பினாங்க, பாட்டு ஓட ஓட. கடைசில இடிச்சும் தள்ளினாங்க. எல்லாம் உள்ளரங்கம், காத்துக்கு வேலையே இல்ல. அப்பவும் சுவருக்குப் பின்னால இரும்புத் தாங்கல் இருந்துச்சு.

திறந்த மைதானத்துல தட்டியோட முக்கால் உயரத்துல பின்பக்கம் சாய்வா இரும்புக் குழாய் முட்டு கொடுக்கணும், நாலடிக்கு ஒண்ணு. குழாய் அடியில மணல்மூட்டை. கயிறு வேண்டாம், கட்டுக்கம்பி போடுங்க.

பிளெக்ஸ் தட்டின்னா, காத்து போக பிறை மாதிரி ஓட்டை வெட்டினா போதும்னு சொல்லுவாங்க. தள்ளு பெருசா ஒண்ணும் குறையாது. வலைத்துணில அச்சடிச்சா காத்து உள்ள பூந்து போயிரும்.