குதிரையோடு போகிற ஆள்

சல்கி (குதிரை இழுக்கிற இரண்டு சக்கரப் பந்தய வண்டி) ஓட்டுநர்களுக்கென்று 1970-லிருந்து உலகப் போட்டி ஒன்று நடக்கிறது. அதற்குப் போகிற ஓட்டுநர் தன் குதிரையைக் கொண்டுபோவதில்லை. போட்டி நடக்கிற நாட்டுக் குதிரைகளையே சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறார்கள். கூடப் போகிறவர் ஓட்டுநரையும் அவருடைய ஹெல்மெட், கண்ணாடி, சட்டையையும் கவனித்தால் போதும். நம்ம ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் அது நடக்காது. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் போவதென்றால் குதிரை, வண்டி, தீவனம், தண்ணீர் எல்லாம் நாமே ஏற்றிப் போகணும். சாரதி கையில் குதிரை இருப்பது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் அது கூடப் போகிற ஆளின் பொறுப்பு. அந்த ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம் தண்ணீர். ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். கடலோரம் போகப் போகத் தண்ணீர் உப்புக் கரிக்கும். பழகாத தண்ணீரைக் குதிரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடிக்காத குதிரைக்குக் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் உள்ளே போனது தானாகத் திரும்பி வராது. வீட்டுத் தண்ணீரையே கேன்களில் எடுத்துப் போவது நல்லது. முடியாதென்றால் ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துப் பழக்குங்கள். போன இடத்திலும் அதே வெல்லத்தைக் கரைத்தால் ருசி மாறாது.

மினி லாரியில் ஏற்றும்போது தரையில் மணலும் மேலே வைக்கோலும் போடுங்கள், கால் வழுக்காது. தலைக்கயிற்றை உயரத்தில் இழுத்துக் கட்டாதீர்கள். தலையைத் தாழ்த்த முடியாமல் நெடுநேரம் நின்றால் மூச்சுக்குழாயில் சளி தேங்கி நுரையீரல் காய்ச்சல் வரும். தூரப் பயணமென்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைத் தொங்கப் போட விடுங்கள்.

தை மாதத்து டெல்டாவுக்கே உரிய ஆபத்து நெல். சம்பா அறுவடை சமயம், ரோட்டோரமெல்லாம் நெல் காயும். கட்டிப்போட்ட குதிரை எட்டி நாலு வாய் அள்ளினாலும் நாம் கவனிக்க மாட்டோம். பழக்கமில்லாத வயிற்றில் தானியம் ஒரேயடியாகப் போனால் புளித்து வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கமும் வரும். நெற்குவியல் பக்கம் கட்டவே கட்டாதீர்கள். ரோட்டில் கிடக்கிற வைக்கோலும் வழுக்கும். ஓட்டத்துக்கு முன் எல்கை (வண்டி திரும்புகிற இடம்) வரை ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள். திரும்புகிற இடத்தில்தான் வண்டி அதிகம் கவிழும்.

பூட்டும்போது அவசரம் வேண்டாம். வயிற்று வாருக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையணும். விரல் நுழையாவிட்டால் மூச்சுத் திணறும். நாலு விரல் நுழைந்தால் சேணம் நகர்ந்து முதுகைத் தேய்க்கும். சாரதியை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பாருங்கள். லேசாக மிதக்கணும். கனமாக இருந்தால் பாரம் குதிரையின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, அவர் கொஞ்சம் பின்னால் நகரணும். தானே மேலே எழும்பினால் வயிற்று வார் இழுபடும், முன்னால் நகரணும். லாடத்தைக் காதால் பாருங்கள்: தார் ரோட்டில் நடத்தும்போது நாலு காலும் ஒரே சத்தமாகக் கேட்கணும். ஒன்று மட்டும் 'கிளிக்' என்று தனித்துக் கேட்டால் ஆணி தளர்ந்திருக்கிறது. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும், வாயால் விடாது. மூக்கை அழுத்துகிற எந்தக் கயிறும் வேண்டாம்.

களத்தில் யாராவது வலி தெரியாமலிருக்க ஊசி போடலாம் என்று வந்தால், உறுதியாக மறுத்துவிடுங்கள். நொண்டுகிற குதிரைக்கு வலிதான் காவல். அதை மறைத்துத் தார் ரோட்டில் ஓட்டினால் கால் தசைநார் அறுந்து படுத்துவிடும்.

ஓடி முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். கால் மணி நேரம் நடத்துங்கள். நிழலில் வைத்துக் கழுத்து, நெஞ்சு, உள்தொடை என்று தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். ஒரு வாளியோடு நிறுத்தினால் உடம்புச் சூடு போதுமான அளவு இறங்காது. ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்கிற பழைய பேச்சு தவறு; ஐந்து லிட்டர், சற்றுப் பொறுத்து இன்னொரு ஐந்து என்று கொடுக்கலாம். தாடைக்கு அடியில் ஓடும் நாடியைத் தொட்டு 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஓட்டம் முடிந்து அரை மணி ஆகியும் 64-க்குக் கீழே இறங்காவிட்டால் டாக்டரைக் கூப்பிடணும். விலா, இதயத் துடிப்போடு சேர்ந்து விக்கல் மாதிரி வெட்டினால் வியர்வையோடு உப்புச்சத்து நிறைய வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதற்கும் டாக்டர்தான்.

சிறு சிராய்ப்பானாலும் கழுவி, டெட்டனஸ் ஊசி நாள் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். குதிரையை அந்த நோய் பிடிக்கிற மாதிரி வேறு எந்தக் கால்நடையையும் பிடிப்பதில்லை.

ஊர் திரும்பி மறுநாள் ஓய்வென்றால் கொள்ளுத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், அருகம்புல்லைக் குறைக்க வேண்டாம். சும்மா நிற்கிற நாளிலும் முழுக் கொள்ளு தின்ற குதிரைக்கு, அடுத்த நாள் வேலை வாங்கும்போது தொடைச் சதை கல்லாக இறுகும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். அந்த நிறத்தைப் பார்த்தால், வயிற்றுவலிக்கு நடத்துவதுபோல நடத்தாதீர்கள். நின்ற இடத்திலேயே நிறுத்தி, டாக்டரை அங்கேயே வரச் சொல்லுங்கள்.