ஈரத் தடம்

ஜூலை 21
ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கும் இருக்கிறது.

ஜூலை 22
தூக்கமே இல்லை. டிஒய்டி1. தசைகள் தானாக முறுக்கிக்கொள்ளும் பரம்பரை நோய். தம்பியின் மரபணுவில் விட்டுப்போன அதே மூன்று எழுத்துகள், ஜி ஏ ஜி, எனக்கும் இல்லை. ஒன்பது வயதில் அவன் வலது பாதம் உள்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. நடிக்கிறான் என்று பள்ளியில் அடித்தார்கள். அந்த வருஷம் முழுக்க நான் கூத்தப்பாக்கத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு 34 வயது, ஒரு விரல்கூடக் கோணவில்லை. இந்த மாற்றம் இருப்பவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்குத்தான் நோய் வருமாம். 28 வயதைத் தாண்டினால் பெரும்பாலும் வராதாம். சரி, நான் தாண்டிவிட்டேன். பாப்பாவுக்கு ஏழு.

ஜூலை 23
பாப்பா குளித்துவிட்டு ஓடிய ஈரத் தடத்தைப் பார்த்தேன். நேராக இருந்தது.

ஜூலை 26
பாண்டி போய் டாக்டரைப் பார்த்தேன். ஏன் அவனுக்கு, ஏன் எனக்கில்லை? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். நோய் வந்தவர்களுக்கு சிறுமூளையிலிருந்து, மூளையின் நடுவில் சைகைகளைக் கடத்திவிடும் தலாமஸுக்குப் போகும் நரம்புப் பாதை பழுதாகியிருக்கும். வராதவர்களுக்கும் அது பழுதுதான்! ஆனால் தலாமஸிலிருந்து மூளையின் மேற்பட்டைக்குப் போகும் வழியிலும் அவர்களுக்கு இன்னொரு பழுது இருப்பதை 2009இல் ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள். கீழே கிளம்பும் தப்பான சைகை மேலே போய்ச் சேருவதில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கெடிலத்து வெள்ளம் ஞாபகம் வந்தது. வாய்க்கால் தூர்ந்து கிடந்ததால்தான் அந்த வருஷம் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறவில்லை.

ஜூலை 27
தம்பியிடம் சொன்னேன். “நீயாவது தப்பிச்சியே அக்கா” என்றான். உள்ளே போய் அழுதேன்.

ஆகஸ்ட் 2
என்னிடமிருந்து பாப்பாவுக்கு இது போயிருக்கப் பாதி வாய்ப்பு. அந்தப் பாதியில் நூற்றுக்கு முப்பது. ஆக, பதினைந்து. அரிசி களையும்போதும் இதே கணக்கு.

ஆகஸ்ட் 5
ஒரு பெற்றோரிடமிருந்து இந்த மரபணுவின் கெட்ட பிரதி வரும்போது, மற்றவரிடமிருந்து வரும் நல்ல பிரதியில் 216ஆம் இடத்தில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் அது காப்பாற்றுமாம். தப்பியவர்கள் எல்லோரிடமும் அது கிடையாது. ஆனாலும் இன்று என் கணவரைப் பார்க்கும்போதெல்லாம், பாப்பாவுக்கு இவர் அதைக் கொடுத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.
அறிகுறி இல்லாத குழந்தைக்கு டெஸ்ட் வேண்டாம், வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்கிறார் டாக்டர். பதினெட்டு வரை பதினோரு வருஷம்.

ஆகஸ்ட் 10
சில்வர் பீச். ஈர மணலில் பாப்பாவை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனேன். அலை வந்து அழித்துக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 16
கோகுலாஷ்டமி. பாப்பா முஷ்டியை மாவில் தோய்த்து வாசலிலிருந்து பாதம் வைத்துக்கொண்டு வந்தாள். தம்பியும் ஒன்று வைத்தான். கை இழுத்துக்கொண்டதில் கோணலாக விழுந்தது. அம்மா அதை அழிக்கவிடவில்லை.

ஆகஸ்ட் 19
பாப்பாவின் வலது செருப்பில் வெளிவிளிம்பு தேய்ந்திருக்கிறது. என் செருப்பை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 20
புதுச் செருப்பு வாங்கினேன். பழையதை எறியவில்லை.