ஆர்தர் லோ: மார்ச் மாதத்து நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

என் துணைவருக்கு ஸ்கேன் முடிந்தது. முடிவை அழைத்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரவு அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. "மேனரிங்கைப் போடேன்" என்றார், போட்டேன்.

இரண்டாம் உலகப் போர்க்கால உள்ளூர்க் காவற்படையைப் பற்றிய 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரில், 1973-இல் ஒளிபரப்பான பகுதி அது. சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன், போர் முடிந்ததும் கணக்குத் தீர்ப்பதற்காக, தன்னை அவமதித்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டே வருகிறான். கேலிப்பாட்டுப் பாடிய இளைஞன் பைக்கின் பெயரைக் கேட்கிறான். சொல்லிவிடாதே என்று பையனை எச்சரிக்கும் கேப்டன் மேனரிங், எச்சரிக்கும் அவசரத்தில் பெயரைத் தானே சொல்லிவிடுகிறார். பிரிட்டனில் இதை அறியாதவர் குறைவு. நான் மேனரிங்காக நடிக்கும் ஆர்தர் லோவின் குரலையே கவனித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை எதிர்பார்த்து அவர் அந்த வரியில் ஓர் அசைவையும் கூட்டவில்லை. தன் படைவீரனைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற அதிகாரியின் பதைப்பு ஒன்றுதான் அதில் இருக்கிறது. மேனரிங் அந்தக் கணத்தில் உண்மையாகவே நல்ல மனிதர், அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

என் பக்கத்தில் அவர் சிரித்தார். விலா வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தார்.

மார்ச் 4, செவ்வாய்

அழைப்பு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

'டாட்ஸ் ஆர்மி'யின் முதல் பகுதி 1968 ஜூலை இறுதியில் பிபிசியில் வந்தபோது லோவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த எண்ணையே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வயதுக்குள் எத்தனையோ பேர் ஓய்ந்துவிடுகிறார்கள், அவருக்கோ அப்போதுதான் நாடே அறியும் பாத்திரம் கிடைத்தது.

டெர்பிஷயரின் ஹேஃபீல்டில் 1915-இல் பிறந்தவர். தந்தைக்கு ரயில்வேயில் வேலை; ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களைத் தனி ரயில்களில் ஏற்றி அனுப்புகிற பொறுப்பு அவருடையது. நடிகர்கள், அவர்களுடைய பெட்டிகள், மடித்துக் கட்டிய காட்சித் திரைகள் எல்லாம் தந்தையின் ஏற்பாட்டில் போய் வந்துகொண்டிருந்த வீட்டில் பையனுக்கு நாடகம் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அவர் முதலில் விரும்பியது கடலை. வணிகக் கப்பலில் சேரக் கண்பார்வை இடம் கொடுக்கவில்லை. போர்க்காலத்தில் மத்திய கிழக்கில் பணியாற்றியபோது சக வீரர்களுக்காக மேடையேறியவர், 1945-இல் மான்செஸ்டரில் தொழில்முறை நடிகரானார். வாரம் ஐந்து பவுண்டு, ஒரே இரவில் இரண்டு காட்சிகள். நடிகை ஜோன் கூப்பரைச் சந்தித்ததும் அங்கேதான், 1948-இல் திருமணம்.

பிறகு இருபது ஆண்டுகள் சிறு வேடங்கள். 1949-இல் ஒரு புகழ்பெற்ற படத்தின் கடைசிக் காட்சியில் பத்திரிகையாளராகச் சில நொடிகள் வருகிறார். 1960 முதல் 1965 வரை 'கொரொனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் துணிக்கடைக்காரர் ஸ்விண்ட்லி. மிடுக்கும், மிடுக்கு குலைந்துவிடுமோ என்ற அச்சமும் கலந்த அந்தச் சிறுமுதலாளியிடம் மேனரிங்கின் சாயல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் பிபிசிக்காரர்கள் அவரைப் போட்டி நிறுவனத்தின் நடிகராகவே பார்த்தார்கள். மேனரிங் வேடம் முதலில் தோர்லி வால்டர்ஸ் என்ற நடிகருக்குத்தான் போனது. அவர் மறுத்தார். தொடரை எழுதியவர்களில் ஒருவரான ஜிம்மி பெர்ரி விடாமல் லோவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திராவிட்டால், இன்று இரவு நாங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று எண்ணவே பிடிக்கவில்லை.

அதே 1968-இல் லோ ஒரு பழைய நீராவிப் படகை வாங்கினார், 1885-இல் கட்டிய 'அமேசான்'. கடல் அவரை மறுத்ததை அவர் மறக்கவில்லை போலும்.

மார்ச் 8, சனி

கால்சட்டையைக் கழற்றும் காட்சியில் நடிக்க மாட்டேன் என்று லோ தம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். நீர்மூழ்கித் தலைவன் வரும் அதே பகுதியில், கையெறி குண்டை மேனரிங்கின் கால்சட்டைக்குள் போடுவதாகத்தான் முதலில் இருந்தது. லோ மறுத்துவிட்டார், குண்டு கார்ப்பரல் ஜோன்ஸுக்குப் போயிற்று. இதைப் பலர் லோவின் வறட்டுக் கௌரவம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜோன்ஸ் துள்ளிக் குதிக்கட்டும், அது அவருடைய இயல்பு. குண்டு இன்னொருவரின் உடையில் இருக்கும்போது அச்சத்தை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் கேப்டனின் முகம் அந்த மறுப்பினால் கிடைத்ததல்லவா? பாத்திரத்தின் மானம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதியவர்களைக் காட்டிலும் நடிகருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்கேன் எடுத்த அன்று என் துணைவருக்கு மருத்துவமனை அங்கியைக் கொடுத்தார்கள், முதுகுப் பக்கம் திறந்திருக்கும் அந்த அங்கியை. இரண்டு கைகளாலும் பின்புறம் சேர்த்துப் பிடித்துக்கொண்டே அந்த நீண்ட தாழ்வாரத்தில் நடந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

ஜோன் கூப்பரைப் பற்றி யாரோ கடுமையாக எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

1982 ஏப்ரல் 14. லோ பகலில் இங்கே பர்மிங்காமில், பெப்பிள் மில் கலையகத்தில், நேரலையில் உட்கார்ந்து பேசுகிறார். மாலையில் அலெக்ஸாண்ட்ரா அரங்கில் நாடகம். மனைவியும் அதே நாடகத்தில் நடிக்கிறார். காட்சிக்கு முன்பு ஒப்பனை அறையில் பக்கவாதம் தாக்கிச் சரிகிறார். நினைவு திரும்பாமலே மறுநாள் விடியற்காலையில் பொது மருத்துவமனையில் உயிர் பிரிகிறது. வயது அறுபத்தாறு. அவருடைய இறுதிச்சடங்கு நடந்தபோது ஜோன் பெல்ஃபாஸ்டில் அதே நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார்.

இதை வைத்து அந்தப் பெண்ணை எப்படிக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல முடிகிறது? கடைசி ஆண்டுகளில் ஜோனுக்கும் வேடம் தந்தால்தான் நடிப்பேன் என்று லோ பிடிவாதம் பிடித்தார், அதனால் வாய்ப்புகளையும் இழந்தார். உறங்கும் நோய் வேறு அவருக்கு இருந்தது. ஒத்திகையின் நடுவிலேயே கண் செருகிவிடும். அப்படிப்பட்ட கணவரோடு ஊர் ஊராகப் போனவர் ஜோன். இருவரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட நாடகத்தை அவர் ஒருத்தியாக நடித்து முடித்தார். கணவர் இல்லாத மேடையில், கணவர் பேசவேண்டிய வரிகளை வேறொருவர் பேச, தன் முறைக்காகக் காத்து நின்றிருக்கிறாரே, அது எவ்வளவு பெரிய துக்கம்! சுடுகாட்டில் நின்று அழுவதற்கு இது எந்த வகையில் குறைந்தது?

இதை என் துணைவரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா இது.

மார்ச் 11, செவ்வாய்

நகரத்துக்குள் போயிருந்தேன். பெப்பிள் மில் கலையகத்தை 2005-இலேயே இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது பல் மருத்துவமனை நிற்கிறது. பொது மருத்துவமனையின் கட்டடம் இன்று குழந்தைகள் மருத்துவமனை. அலெக்ஸாண்ட்ரா அரங்கம் மட்டும் அரங்கமாகவே இருக்கிறது. நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் போகிற கூட்டம் அதை ஏறிட்டும் பார்க்காமல் கடக்கிறது. ஒருவருடைய கடைசி நாள் முழுவதும் இந்தச் சில மைல்களுக்குள்தான் நடந்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

இன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார், மேனரிங்கைப் போல் முகவாயை உயர்த்தி என்னை அதட்டவும் செய்தார்.

மார்ச் 13, வியாழன்

அழைத்துவிட்டார்கள். நாளைக் காலை பத்தரைக்கு இருவரும் வர வேண்டும். தொலைபேசியில் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் 1975 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த பகுதியைப் பார்த்தோம். அதில் லோவுக்கு இரட்டை வேடம்: மேனரிங், மேனரிங்கின் குடிகாரச் சகோதரன். அந்தச் சகோதரனுக்கு முதுகெலும்பே தளர்ந்த நடை, தொண்டையில் கரகரப்பு, எதையும் மறைக்க வேண்டாத நிம்மதி. மேனரிங் ஆயுளெல்லாம் இறுக்கிப் பிடித்திருக்கும் அத்தனையையும் அவன் கைவிட்டுவிட்டவன். இருவரும் ஒருவரே என்பது எனக்குப் பாதியில் மறந்துபோயிற்று.

இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன் இதை முன்பே அறிந்திருந்தார், அதனால்தான் படத்துக்குப் படம் லோவை அழைத்தார். 'ஓ லக்கி மேன்!' படத்தில் அவருக்கு மூன்று வேடங்கள். துணை நடிகருக்கான பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது. மூன்றில் ஒன்றில் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆப்பிரிக்கத் தலைவராக வருகிறார், அதை இன்று பார்க்கக் கூசுகிறது, அன்றும் கூசியிருக்க வேண்டும். மற்ற இரண்டுக்காகவும் படத்தை இன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்கிறார் என் துணைவர். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம், இப்போதே மணி பத்தாகிறது. தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்காரப் போகிறேன்.